டிக்கிக்குள் ஒரு கல்யாணம்

வேளச்சேரியில் கார் வைத்திருப்பவனுக்கு இரண்டு வீடு வேண்டும். ஒன்று அவன் தூங்குவதற்கு. இன்னொன்று, மழைக்காலத்தில் கார் தூங்குவதற்கு. இரண்டாவது வீட்டுக்குப் பெயர் மேம்பாலம்.

சிரிக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கார்கள் படகு மாதிரி நகர்ந்ததைப் பார்த்தவன் நான். அதனால்தான் 2024 அக்டோபரில் கன மழை எச்சரிக்கை வந்ததும், ஏரியாவில் இருந்த அத்தனை பேரும் காரை எடுத்துக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தில் ஓரமாக வரிசை கட்டி நிறுத்தினோம். டி.வி.யில் கூடக் காட்டினார்கள். அந்த வரிசையில் என்னுடைய செகண்ட் ஹேண்ட் வேகன் ஆரும் இருந்தது. டி.வி.யில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய வண்டி மறைத்துவிட்டது. என் வாழ்க்கையே அப்படித்தான்.

அந்த ராத்திரி, அந்தப் பாலத்தின் மேல்தான் எனக்கு ஞானம் பிறந்தது. அதைச் சொல்வதற்கு முன், டிக்கியில் நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு ஐ.டி. பையன். தரமணியில் வேலை. அவன் கார் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் உள்ளே வந்துவிடும். பாட்டு கேட்காது. "தும்... தும்..." என்று அடிவயிற்றில் யாரோ செல்லமாகக் குத்துகிற மாதிரி ஒரு அதிர்வு மட்டும்தான். சப்-வூஃபராம்.

பி.காம். படித்துவிட்டு, கம்பெனிக் கணக்கு எழுதாமல் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். பொறாமை எங்கள் தொழில்முறை வியாதி. ஒரு பத்திரிகை மூன்று மாதச் சன்மானத்தை ஒரே செக்காக அனுப்பியது. அன்றே கிளம்பிவிட்டேன்.

சென்னையில் காருக்கு நகை போட வேண்டுமென்றால் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். சீட் கவரிலிருந்து ஹாரன் வரை எல்லாம் கிடைக்கும். ஒரு கடையில் சப்-வூஃபர் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று தீ எரிகிற எழுத்தில் போட்டிருந்தது. இன்னொரு கடையில் ஆம்ப்ளிஃபையர். அதில் 1500 வாட். "1200-ஐ விட 1500 பெரிசு. அப்போ சரியாத்தானே இருக்கும்?" என்று கணக்குப் போட்டேன். பி.காம். மூளை!

மூன்றாவதாக ஒரு பையன் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில்தான் நடக்கும். அங்கேகூட நோட்டீஸ் போட்டு முப்பது நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கிங்கில் வைத்து, 1994-ல் வந்த 'காதலன்' பாட்டு ஒன்றைப் போட்டேன். அதிர்ந்தது. முதல் மாடி பால்கனியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ஜெனரேட்டர் போட்டுட்டாங்களா? கரன்ட் இருக்கே?"

அப்பாவுக்குக் காது மந்தம். வடசென்னையில் ஒரு நெசவு மில்லில் இருபது வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். நாம் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறோம் என்பது கேட்காது. "சாப்பிட்டீங்களா?" என்றால் "நேத்தே கட்டிட்டேன்" என்பார். வீட்டில் எல்லாரும் கத்திப் பேசிப் பழகி, இப்போது ரகசியம் பேசுவதென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அவருக்கே கேட்டுவிட்டது என்றால் செட்டு பிரமாதம் என்று முடிவு செய்தேன்.

*

பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் அந்தக் கல்யாணம் நீடிக்காது. சரியாகப் பாட்டு களை கட்டும்போது ஆம்ப்ளிஃபையரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சத்தம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். மறுபடி கோபித்துக்கொள்ளும். புதுப்பெண் மாதிரி என்று எழுத நினைத்தேன். வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

நான் என்ன செய்தேன்? 'கெயின்' என்று ஒரு திருகாணி இருந்தது. அதை முழுசாகத் திருகினேன். 'பாஸ் பூஸ்ட்' என்று இன்னொன்று. அதையும்.

இந்த நிலைமையில்தான் மேம்பாலம். ராத்திரி பத்தரை மணி. தூறல். காரை நிறுத்தியவர்கள் வீட்டுக்குப் போக மனசில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபம் மாதிரி கலகலப்பு. நானும் நம் பெருமையைக் காட்டலாம் என்று கதவைத் திறந்து வைத்துப் பாட்டைப் போட்டேன்.

இரண்டாவது பாட்டில் பின்னால் நின்ற கால் டாக்சியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கண்ணாடியைத் தட்டினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மொதல்ல செட்ட நிறுத்துங்க."

"சத்தம் அதிகமா இருக்காண்ணே?"

"சத்தம் இல்ல சார், அது அழுவுது. டிக்கியத் தொறங்க."

திறந்தேன். குனிந்து முகர்ந்து பார்த்தார். "வார்னிஷ் வாடை. காயில் காயுது. இன்னும் ரெண்டு பாட்டு போட்டிருந்தா கருமாதிதான்."

அவர் டாக்சிக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் கார்களுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் செட் மாட்டுகிற வேலை பார்த்தவராம். டாஷ்போர்டில் மல்டிமீட்டர் வைத்திருந்தார். நாம் தைலம் வைத்திருக்கிற மாதிரி.

"பொருத்தம் பாத்தீங்களா சார்?"

"1200... 1500..."

"அது ஜாதகம் இல்ல சார். அது தரகர் சொல்ற வார்த்தை."

*

அந்த அண்ணன் எனக்கு எடுத்த பாடத்தை, ஆபீஸ் போகிறவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன்.

முதல் பொருத்தம், வாட். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற வாட் என்பது உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கிற 'சி.டி.சி.' மாதிரி. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஒரு நொடியில் பாதி நேரம், எல்லா கிரகமும் ஒத்துழைத்தால், அந்த அளவு வரலாம். கையில் வருகிற சம்பளம் வேறே. அதற்குப் பெயர் ஆர்.எம்.எஸ். விடாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்குகிற அளவு. என் 1200 வாட் சப்-வூஃபரின் ஆர்.எம்.எஸ்., பெட்டிக்கு அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது: 300. 1500 வாட் ஆம்ப்ளிஃபையரின் இரண்டு சேனல்களையும் 'பிரிட்ஜ்' பண்ணினால், அதாவது இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில் பூட்டினால், அதன் ஆர்.எம்.எஸ்.ஸும் 300. குருட்டு அதிர்ஷ்டத்தில் அந்தப் பொருத்தம் அமைந்துவிட்டது.

இரண்டாவது பொருத்தம், ஓம். இதுதான் ரஜ்ஜு. இது இல்லையென்றால் மற்றது எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை. ஓம் என்பது மந்திரமில்லை. மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டுகிற எதிர்ப்பு. 1827-ல் ஜெர்மனியில் அதன் கணக்கை எழுதி வெளியிட்ட ஜார்ஜ் ஓம் என்கிற வாத்தியாரின் பெயர். எதிர்ப்பு குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிக கரன்ட்டைக் கொட்ட வேண்டும்.

என் சப்-வூஃபருக்கு உள்ளே இரண்டு காயில். ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பக்கம் பக்கமாக, பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டி, சீரிஸாகச் சேர்த்தால் 8 ஓம். மாட்டின பையன் பேரலலாகப் போட்டு 2 ஓம் ஆக்கிவிட்டான். ஆனால் என் ஆம்ப்ளிஃபையரின் புத்தகத்தில், பிரிட்ஜ் பண்ணினால் 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிறது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். ஆக, 2 ஓம் தாங்குகிற சேனல் தலையில் 1 ஓமை ஏற்றி வைத்திருக்கிறோம். அதாவது ஒரு கிளார்க் மேஜையில் இரண்டு பேர் ஃபைல். அது சிவப்பு விளக்கைப் போட்டு லீவில் போகாமல் என்ன செய்யும்?

"பிரிட்ஜ் மேல வந்து பிரிட்ஜ் பாடம் கத்துக்குறீங்க சார்" என்றார் அண்ணன்.

மூன்றாவது பொருத்தம், கெயின். இது வால்யூம் இல்லை. நான் மட்டுமில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். முன்னால் இருக்கிற ஸ்டீரியோ 2 வோல்ட்டில் பேசுகிறதா, 4 வோல்ட்டில் பேசுகிறதா என்று பார்த்து, அந்தக் குரலுக்கு ஆம்ப்ளிஃபையரின் காதைச் சரிசெய்கிற திருகாணி அது. முழுசாகத் திருகினால் அதிக பவர் வராது. இருக்கிற பவர் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகும் கேட்டால், பாட்டின் அலை மேலே போக இடமில்லாமல் தலை மழுங்கித் தட்டையாகிவிடும். இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். காதுக்குக் கரகரப்பு, காயிலுக்குக் காய்ச்சல். இருபதாம் தேதியே சம்பளம் தீர்ந்து, மிச்ச பத்து நாள் கிரெடிட் கார்டில் ஓட்டுகிற குடும்பம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே காயில் காயும்.

அப்புறம் அவர் டார்ச் அடித்து பானெட்டுக்குள் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

"சார், இங்க வாங்க."

பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு சிவப்பு ஒயர் கிளம்பி, இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகிறது. ஓட்டைக்கு ரப்பர் வளையம் கிடையாது. வண்டி ஆட ஆட, தகரத்தின் விளிம்பு ஒயரின் மேல் தோலை அறுத்திருந்தது. தாமிரம் எட்டிப் பார்க்க ஒரு நூல்தான் பாக்கி. பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃப்யூஸும் இல்லை.

"300 வாட் வெளிய வர, இது பேட்டரியில நாப்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். உங்க வீட்டு ஏசி ஏழு, எட்டுதான் சார் இழுக்கும். இந்த ஒயர் தகரத்தைத் தொட்டா நாப்பது இல்ல, நூத்துக்கணக்குல பாயும். ஃப்யூஸ் இருந்தா அது உயிரை விட்டுட்டு உங்களக் காப்பாத்தும். இல்லன்னா ஒயரே நெருப்புக் கம்பி. ஃப்யூஸ் பேட்டரியிலேர்ந்து ஒரு முழத்துக்குள்ள இருக்கணும். ஆம்ப்ளிஃபையர்ல இருக்கிற ஃப்யூஸ் அதுக்கு மட்டும்தான் காவல், ஒயருக்கு இல்ல."

முந்தின நாள்தான் முன் சீட்டில் அப்பா, பின் சீட்டில் மகள், இரண்டு பேரையும் உட்கார வைத்து குருநானக் காலேஜ் வரைக்கும் போய் வந்திருந்தேன். முன் சீட்டு என்பது அந்தத் தகரத்துக்கு நேர் பின்னால். தூறலில் நின்றுகொண்டிருந்த எனக்கு வேர்த்தது. அண்ணன் ஸ்பேனரை எடுத்து அந்த ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி, டேப் சுற்றி ஓரமாக வைத்தார்.

"வீட்டுக்குப் போங்க சார். ஞாயித்துக்கெழமை வரேன்."

*

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் பர்ஸைத் தயாராக வைத்திருந்தேன். 2 ஓமுக்கென்றே இருக்கிற 'மோனோ' ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கிவிடலாம், கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது என்றேன்.

"எதுக்கு சார்? இருக்கிறதையே சேத்து வெப்போம்."

முதலில் இரண்டு காயிலையும் தனித்தனியாக மீட்டரில் பார்த்தார். இரண்டும் 3.5 பக்கம் காட்டின. 4 ஓம் காயில் மீட்டரில் அப்படிக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டுமாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் உயிர் தப்பியது. பிறகு ஒரு சின்ன ஒயர்த் துண்டை எடுத்து இரண்டு காயிலையும் சீரிஸ் ஆக்கினார். 8 ஓம். செலவு, அரை அடி ஒயர்.

"ஆனா 8 ஓமுக்குப் போனா பவர் பாதியாயிடுமே அண்ணே? 150 வாட்தானே வரும்?" நானும் ராத்திரி உட்கார்ந்து படித்திருந்தேன்.

"ஆகும். கேட்டுப் பாருங்க."

கெயினை அவர் வைத்த விதம்தான் அழகு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்டை அடியோடு அணைத்துவிட்டு, செல்போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சத்தம் ஒன்றை ஸ்டீரியோவில் விட்டார். வால்யூம் முக்கால். ஆம்ப்ளிஃபையரின் வாயில் மீட்டர். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வரை போகலாம் என்பது தெரியும். 150 பெருக்கல் 8, 1200. வர்க்கமூலம் 34.6. இந்தக் கணக்கைப் போட்டது நான். மூன்று வருஷ பி.காம்.முக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. அவர் கெயினை மெல்லத் திருகி 30-லேயே நிறுத்திவிட்டார். "மூச்சு விட எடம் வேணும் சார்."

80 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைச் சப்-வூஃபருக்குள் விடாமல் ஃபில்டரை வைத்தார். மேலே இருப்பது கதவு ஸ்பீக்கர்களின் பாடு. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ், தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, நான் பெட்டிகளைக் கொண்டு வரக் கொடுத்த ஆட்டோ காசை விடக் குறைவு.

1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' பாட்டு ஒன்றைப் போட்டோம். பாதி பவர். ஆனால் சத்தம் பாதியாகவில்லை. பவர் பாதியானால் குறைவது வெறும் 3 டெசிபல்தான். சத்தம் காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு பவர் வேண்டும். 300-க்கும் 150-க்கும் இடையில் என் காதுக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், இப்போது அது "தும்" இல்லை. பேஸ் கிடார். அதன் அடிக் கம்பியின் நாதம் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா அந்தக் கம்பிக்கென்று தனியாக ஒரு பாட்டு போட்டு வைத்திருக்கிறார் என்பதே இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கீழே இறங்கி வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவர் விரல் கதவின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தப்பில்லாத தாளம்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பெரியவருக்குக் கீழ் சுருதி நல்லாக் கேக்குது சார். மேல்தான் போயிருக்கு. டெஸ்ட் எடுத்தீங்களா?"

*

எடுக்கவில்லை. எழுபது வயசானால் அப்படித்தான் என்று விட்டிருந்தோம். அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன்.

காது டெஸ்ட் செய்த பெண் ஒரு கிராஃப் கொடுத்தார். இடது பக்கம் சமதரையாகப் போன கோடு, வலது பக்கம் மாடிப்படி இறங்கியது. தாழ்ந்த சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன. 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் சரிந்துவிட்டது. ச, த, ப என்று நாம் உச்சரிக்கிற எழுத்துகளின் கூர்மையெல்லாம் மேலேதான் இருக்கிறதாம். அது போனால், பேச்சு கேட்கும், வார்த்தை கேட்காது.

"ஐயா சத்தமான இடத்துல வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். அமெரிக்காவில் நயோஷ் என்கிற தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒரு அளவு சொல்கிறதாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் நான்கு மணி நேரம். 100 என்றால் பதினைந்தே நிமிஷம்.

அதே 3 டெசிபல்! என் காது வித்தியாசமே தெரியவில்லை என்று சொன்ன 3 டெசிபல், காதின் பாஸ்புக்கில் பாதி நேரமாகப் பற்று எழுதப்படுகிறது. அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்துக் காதை வாங்கிக்கொண்டார்கள். நான் கைக்காசைக் கொடுத்து என் காதைக் கொண்டுபோய்க் கொடுக்க இருந்தேன். என்னுடையதை மட்டுமா? பின் சீட்டில் ஒன்பது வயசுக் காது ஒன்றும் இருக்கிறது.

பன்னிரண்டாயிரம் ரூபாயை ஹியரிங் எய்டுக்கு முன்பணமாகக் கட்டினேன். மிச்சம் தவணை. அதை மாட்டுகிற அன்று அந்தப் பெண் கம்ப்யூட்டரில் அந்த கிராஃபைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கே குறைவோ அங்கே மட்டும்தான் கெயின் ஏத்துவோம். முதல் நாளே முழுசா வைக்க மாட்டோம். எவ்வளவு சத்தம் வந்தாலும் ஒரு அளவுக்கு மேல போகாம பூட்டு போட்டுடுவோம்."

எனக்கு எங்கேயோ கேட்ட பாடம் மாதிரி இருந்தது.

போன வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தண்டீஸ்வரம் கோயிலுக்குப் போனேன். ராஜா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விஜயநகர் சிக்னலில் நின்றபோது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"டேய், டிக்கியில ஏதோ வெச்சிருக்கியே, அதைக் கொஞ்சம் குறை. பாட்டு வரி சரியாக் கேக்க மாட்டேங்குது."

குறைத்தேன்.